குல்மார்க்: சறுக்க வருபவர்களும் பார்க்க வருபவர்களும்

ஜனவரி 8 – வாசகர் ஒருவர் வைத்த வாதம்

காஷ்மீரின் குல்மார்க் பனிச்சறுக்குக்கான ஊர். ஜனவரி முதல் மார்ச் வரை போனால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. மற்ற மாதங்களில் வெறும் புல்லைக் காட்டிப் பயண முகவர்கள் காசு பார்க்கிறார்கள். குளிர்காலத்திலும் சறுக்கத் தெரியாத கூட்டம் கோண்டோலா (மலைமேல் ஏற்றிச்செல்லும் ரோப்வே) வரிசையை அடைத்துக்கொள்வதால், சறுக்கவென்றே வருபவன் பாதி நாளை வரிசையில் இழக்கிறான். வேடிக்கை பார்க்க வருபவர்களின் எண்ணிக்கைக்குக் குளிர்காலத்தில் வரம்பு விதிப்பதே சரி. மறுப்பவர்கள் காரணம் சொல்லட்டும்.

ஜனவரி 8, இரவு – என் பதில்

மறுக்கிறேன். குல்மார்க் கோடைக்காக உருவான ஊர். பனிச்சறுக்கு பின்னால் வந்து சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் இந்தப் புல்வெளிக்கு வந்தது பூக்களுக்காக. ஆங்கிலேய அதிகாரிகள் வந்தது சமவெளியின் வெயிலிலிருந்து தப்புவதற்காக; பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்கள் இங்கே கோல்ஃப் ஆடத் தொடங்கியிருந்தார்கள், 1902-இல் தேவாலயமும் எழுப்பிவிட்டார்கள். இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் இங்கே தொடங்கப்பட்டது 1927-இல்தான். ஆக, "வெறும் புல்" என்று நீங்கள் ஒதுக்கும் அந்தப் பொருளுக்காகவே இந்த ஊர் பல தலைமுறைகளாக மனிதர்களை வரவழைத்திருக்கிறது.

அடுத்தது பணம். நீங்கள் ஏறும் கோண்டோலா எளிதில் வந்ததல்ல. 1980-களின் இறுதியில் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தைக் கொண்டு தொடங்கிய பணி, பள்ளத்தாக்கில் கலவரம் மூண்டதும் நின்றுபோனது. குல்மார்க்கிலிருந்து மலையின் நடுவிலுள்ள கொங்டூரி வரையிலான முதல் கட்டம் 1998-இல் திறந்தது. அங்கிருந்து அஃபர்வட் மலைத்தோள் வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்த வரிசையில் நிற்பவர்களை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். ஸ்கீ பலகையோடு நிற்பவர் அங்கொருவர் இங்கொருவர்தான். மீதிப் பேர் மேலே போய், பனியைத் தொட்டு, படமெடுத்துக்கொண்டு இறங்குபவர்கள். கோண்டோலா ஓடுவது பெரும்பாலும் அவர்கள் வாங்கும் சீட்டில். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் சறுக்குபவர்களுக்காக மட்டும் அதை ஓட்டினால், ஒரு முறை மேலே போக என்ன விலை கேட்பார்கள் என்று யோசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ஜனவரி 9

நேற்றைய பதிவில் பணத்தைப் பற்றிச் சொன்னேன். இருக்கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாதம் பாதியாகவே நிற்கும்.

கோண்டோலாவின் கொள்ளளவு மணிக்குச் சுமார் 600 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு கேபினில் 6 பேர். அப்படியென்றால் மணிக்கு 100 கேபின்கள், 36 நொடிக்கு ஒன்று. வேடிக்கை பார்க்க வருபவர் ஒரு நாளில் ஒரே முறை ஏறுகிறார். சறுக்குபவரோ ஒவ்வொரு முறை கீழே வந்ததும் மறுபடி வரிசைக்குத் திரும்புகிறார். நல்ல பனி விழுந்த நாளில் ஒரே ஆள் நான்கைந்து பேரின் ஏறும் இருக்கைகளை எடுத்துக்கொள்வார். யார் யாருடைய வரிசையை நீட்டுகிறார்கள் என்பதை இங்கிருந்து பார்க்க வேண்டும்.

ஆனால் இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. சறுக்குபவர் இறங்கும்போது கேபினைக் கேட்பதில்லை. பிற்பகலில் வானம் கறுத்து, மேலே இருக்கும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்க முண்டியடிக்கும்போது அந்த நெரிசலுக்கு வெளியே இருப்பவர்கள் சறுக்குபவர்கள் மட்டுமே. ஆகவே வாசகர் கேட்ட "வரம்பு" என்ற சொல்லை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. மேலே எத்தனை பேர் போகலாம் என்பதை, கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கீழே கொண்டுவர முடியும் என்பதைக் கொண்டு முடிவு செய்தால் அது நியாயமான வரம்பு. கையில் பலகை இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு ஆளைப் பிரிப்பது வேறு சமாச்சாரம்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

வரிசையில் யார் அதிகத் தொல்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்கீ பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்னால் யாரோ கூப்பிட்டார்களென்று சடாரெனத் திரும்புகிறவர்தான். அந்த ஒரு வீச்சில் மூன்று தொப்பிகளாவது விழும்.

ஜனவரி 16

"பார்க்க வருபவர்களின் சீட்டில்தான் எல்லாம் ஓடுகிறது என்றால் பனி பெய்யாவிட்டால் என்ன, புல்லையே காட்டிப் பிழைத்துக்கொள்ளலாமே" என்று கிண்டலாக எழுதியிருக்கிறார்கள். கிண்டலை விலக்கிவிட்டுப் பார்த்தால் இது நல்ல கேள்வி. என் முதல் பதிவை இதைக் கொண்டு உரசிப் பார்க்கத்தான் வேண்டும்.

2023 டிசம்பரும் 2024 ஜனவரியின் பெரும்பகுதியும் காஷ்மீரில் வறண்டு கழிந்தன. வெண்மையாக இருக்க வேண்டிய குல்மார்க் புல்வெளி பழுப்பேறிக் கிடந்த படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சறுக்க வரவிருந்தவர்கள் மட்டும் அப்போது பின்வாங்கவில்லை. பனியைத் தொட்டுப் பார்க்க வரவிருந்த குடும்பங்களும் அறைகளை ரத்து செய்தன. கோடையில் புல்லை ரசிக்க வரும் மனிதர் ஜனவரியில் அதே புல்லைப் பார்க்க வருவதில்லை. பனி என்பது இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான மூலதனம். அது தவறினால் இருவரும் சேர்ந்தே காணாமல் போகிறார்கள்.

இதில் காலக்கணக்கு முக்கியம். காஷ்மீரிகள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள். டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லை கலான் 40 நாள், அதன்பின் சில்லை குர்த் 20 நாள், கடைசியாகச் சில்லை பச்சா 10 நாள். முதல் நாற்பது நாளில் விழும் பனி கடுங்குளிரில் இறுகி அடித்தளமாகத் தங்கிவிடும். அதற்குப் பிறகு விழும் பனி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வெயில் ஏற ஏறச் சீக்கிரம் கரையும். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தச் சலனங்களே இந்தப் பனியைச் சுமந்து வருகின்றன. அவை தள்ளிப்போனால் ஊரே தள்ளிப்போகிறது. 2024-இல் ஜனவரி முடியும் தறுவாயில் பனி வந்து, பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை நடத்திவிட முடிந்தது. 2025-இல் அதே போட்டிகளைப் பனிக்குறைவால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள்.

பனி பொய்க்கும் நாட்களில் முதலில் அடிபடுகிறவர்கள் ஸ்லெட்ஜ் என்னும் பனிவண்டியை இழுப்பவர்கள். விடுதிக்காரர் அடுத்த மாதத்துக்கு முன்பணம் வாங்கி வைத்திருப்பார். இவர்களுக்கு அன்றன்றைய பனிதான் அன்றன்றைய கூலி.

ஜனவரி 17

ஸ்லெட்ஜைப் பார்க்காதவர்களுக்காக. இடுப்பளவு நீளத்தில், தாழ்ந்த மரச்சட்டம். அடியில் வளைந்த இரண்டு சறுக்குக் கட்டைகள். முன்னால் ஒரு கயிறு. பயணியை அதில் உட்காரவைத்து, கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு, ரப்பர் பூட்ஸ் பதியப் பதிய ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போவார் இழுப்பவர். மேட்டின் உச்சிக்குப் போனதும் வேலை தலைகீழாகும். தானும் சட்டத்தில் தொற்றிக்கொண்டு, பாரம் முழுவதும் கீழே பாயும்போது இரண்டு குதிகால்களையும் பனியில் ஊன்றித் தடை பிடிப்பார். அந்த பூட்ஸின் குதிகால் பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். ஆளை வைத்துத் திசை திருப்பும் கால் எது என்பதைத் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரு மனிதனை இன்னொரு மனிதன் இழுப்பதா என்று எனக்கும் முதலில் கூச்சமாக இருந்தது. ஏறாமல் நடந்தேன். என் கூச்சத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை, கூடவே நடந்து வந்த அவரே சிரித்துக்கொண்டு விளக்கினார். இந்த விஷயத்தில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 11

கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். எல்லாச் சுற்றுலா விளம்பரங்களும் அதைத்தான் விற்கின்றன.

குல்மார்க் ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொங்டூரி 3,000 மீட்டரைத் தாண்டிவிடும். இரண்டாம் கட்டத்தின் மேல் நிலையம் 3,900 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குகூட இராது. காலையில் விமானத்தில் ஸ்ரீநகர் வந்து இறங்கி, மதியமே அங்கே போய் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வழியில் உள்ள டங்மார்க்கில் வாடகைக்கு எடுத்த நீளமான கோட்டும் பூட்ஸும் குளிரைத் தடுக்கும். மூச்சிரைப்பையும் தலைவலியையும் தடுக்காது. நிலையத்தின் படிக்கட்டில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கும் ஒருவரையாவது பார்க்காமல் நான் அங்கிருந்து இறங்கியதில்லை. ஓர் இரவு குல்மார்க்கில் தங்கிவிட்டு மறுநாள் ஏறினால் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் "ஒரே நாளில் போய்வரலாம்" என்று விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சறுக்குபவர்களுக்கு அந்த உயரம் வேறுவிதமான கேள்வியை எழுப்புகிறது. குல்மார்க்கின் உலகப் புகழ், கோண்டோலாவிலிருந்து இறங்கிய உடனே கிடைக்கும் சீர்செய்யப்படாத ஆழமான பனியினால் வந்தது. சறுக்குச் சரிவுகளின் காவல் குழுவினர் கண்காணிப்பதும், பனிச்சரிவு அபாயத்தைக் குறைக்க வேலை செய்வதும் கோண்டோலாவை ஒட்டிய பகுதியில் மட்டுந்தான். அந்த எல்லையைக் கடந்து இடமோ வலமோ திரும்பினால் அப்புறம் அவரவர் பொறுப்பு. 2024 பிப்ரவரியில் அங்கே நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்யாவிலிருந்து வந்த ஒருவர் உயிரிழந்தார். பனியில் புதைந்தவரைத் தேடித் தோண்ட உதவும் சமிக்ஞைக் கருவி, மண்வெட்டி, துழாவுகோல் மூன்றும் இல்லாமல், பயன்படுத்தத் தெரிந்த துணையும் இல்லாமல் அந்தப் பக்கம் திரும்புகிறவருக்கு எவ்வளவு சறுக்கத் தெரிந்திருந்தாலும் பயனில்லை.

பிப்ரவரி 12

ஆரிஃப் கானைப் பற்றி எழுதவில்லையே என்று கேட்டவருக்கு: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர் அவர்; கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து சறுக்கும் ராட்சத ஸ்லாலம் போட்டியில் 45-ஆவதாக வந்தார். சொந்த ஊர், குல்மார்க்குக்கு ஏறும் வழியில் இருக்கும் டங்மார்க் பகுதி. அவருடைய தந்தை குல்மார்க்கில் ஸ்கீ சாதனங்கள் கடை வைத்திருந்தவர். இந்த விவாத இழையில் நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. வெளியூர்க்காரர்களை நம்பி நடந்த கடையின் வாசலில்தான் ஒலிம்பிக் வீரர் வளர்ந்தார்.

ஏப்ரல் 24

பிப்ரவரியோடு இந்த இழை ஓய்ந்துவிட்டது. நமது ஆர்வமும் பனியோடு கரைகிறது போலும். இப்போதுதான் அங்கிருந்து வந்தேன்.

எந்த விளம்பரத்திலும் இடம்பெறாத குல்மார்க் இது. கீழே புல்வெளியில் பனி திட்டுத் திட்டாக, ஓரங்களில் அழுக்கேறிக் கிடக்கிறது. நடைபாதைகளில் கணுக்கால்வரை சேறு. குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் மறைந்திருந்த பிளாஸ்டிக் உறைகளும் தண்ணீர் பாட்டில்களும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. மூன்று மாதங்கள் எல்லாரும் படமெடுத்த அந்த வெண்மைக்கு அடியில் இவ்வளவு இருந்திருக்கிறது. மேலே அஃபர்வட் சரிவுகளில் மட்டும் இன்னும் சறுக்கலாம், அதுவும் காலையில். பத்து மணிக்கு மேல் பனி கஞ்சிபோல் குழைந்துவிடுகிறது.

கோண்டோலாவை ஆண்டுதோறும் பராமரிப்புக்காகச் சில நாட்கள் நிறுத்துவார்கள். நான் தங்கிய விடுதி அதை அறிவிக்காமலே அறையை விற்றிருந்தது, வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். மற்ற விருந்தினர்கள் கொதித்தார்கள். விடுதிமேல் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. கோண்டோலா நின்றதற்காகக் கோபப்பட்டதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு முழுவதும் சுற்றுலா என்று நாம் பெருமையாகப் பேசும்போது அந்த இரும்பு வடத்துக்கும் கோபுரங்களின் உருளைகளுக்கும் ஓய்வு எப்போது என்று யாரும் கேட்பதில்லை. வெறும் சறுக்குத்தலமாக இருந்தால் பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் கோடை முழுவதும் கிடைக்கும். இங்கே கோடையும் வருமான காலம் என்பதால், இரண்டு பருவங்களுக்கு நடுவே அகப்படும் சில நாட்களுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 19

"கோடையில் என்னதான் இருக்கிறது" என்று மறுபடி முதல் கேள்விக்கே வந்திருக்கிறீர்கள்.

மேய்ச்சல் தொழில் செய்யும் குஜ்ஜர், பக்கர்வால் மக்கள் ஆடுமாடுகளோடு மேலே ஏறிவந்துவிட்டார்கள். பனிக்காலத்தில் கண்ணுக்கே தெரியாமல் கூரைவரை புதைந்திருந்த அவர்களுடைய மண்கூரை வீடுகளில் இப்போது புகை எழுகிறது. குளிர்காலத்தில் சறுக்குபவர்கள் தங்களுடையது என்று நினைக்கும் அதே சரிவுகள் இப்போது அவர்களுடைய மேய்ச்சல் நிலம். அல்பதர் ஏரியில் ஜூன் மாதத்திலும் பனிக்கட்டிகள் மிதக்கின்றன. கோல்ஃப் திடலின் பதினெட்டுக் குழிகளும் திறந்திருக்கின்றன. கோண்டோலா வரிசை ஜனவரியில் இருந்ததைவிடக் குறைவில்லை. ஜனவரியில் ஸ்லெட்ஜ் இழுத்த முகங்களில் சிலரை இப்போது குதிரைக் கடிவாளத்தோடு பார்த்தேன். ஒருவர் என்னை அடையாளம் கண்டு, இப்போதாவது ஏறுவீர்களா என்றார். ஏறினேன்.

கோடை ஆபத்தில்லாத பருவம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். 2017 ஜூன் மாதத்தில் பலத்த காற்றில் வேரோடு சாய்ந்த மரம் கோண்டோலாவின் மேல் விழுந்து, சுற்றுலா வந்த குடும்பத்தினரும் உள்ளூர் வழிகாட்டிகளுமாக 7 பேர் உயிரிழந்தார்கள். அது நடந்தது பனிக்காலத்தில் அல்ல, பள்ளி விடுமுறையின் உச்சத்தில். காற்று எழுந்ததும் இரண்டாம் கட்டத்தை நிறுத்தினால் முணுமுணுக்கும் ஆட்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செய்தி நினைவுக்கு வருகிறது. சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்கும். முணுமுணுக்காமல் தேநீர் குடித்துவிட்டு இறங்குங்கள்.

ஜூன் 20

குதிரை எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு: குதிரைக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 6

செயற்கைப் பனியைக் கொண்டுவந்தால் 2024 போன்ற குளிர்காலத்தைச் சமாளித்துவிடலாம் என்று ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அதிலுள்ள நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் அது எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்று பார்க்க வேண்டும்.

பனிப்பீரங்கி தண்ணீரை நுண்துளிகளாகக் காற்றில் பீய்ச்சி உறையவைக்கிறது. அதற்கு வெப்பநிலையும் காற்றின் ஈரமும் சேர்ந்த ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். வறண்ட குளிர்காலத்தில் இந்த நிபந்தனை குல்மார்க்கின் இரவுகளில் எளிதில் நிறைவேறும். தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. உத்தராகண்டின் அவுலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளை ஒட்டி இதற்கென்றே ஒரு செயற்கை ஏரியும் பீரங்கிகளும் அமைத்தார்கள். அப்படியிருந்தும், அவுலிக்கு ஏறும் ரோப்வேயை நிறுத்தியது பனிப் பற்றாக்குறையல்ல. 2023 ஜனவரியில் கீழே ஜோஷிமட் நகரின் நிலமே புதையத் தொடங்கியதால் அது நின்றது. மலைமேல் எவ்வளவு செலவழித்தாலும் அடிவாரம் தாங்கினால்தான் பயன்.

கற்றுக்கொள்பவர்களுக்கான கீழ்ச்சரிவுகளையும் போட்டிகள் நடக்கும் தடத்தையும் பீரங்கியால் வெள்ளையாக்கிவிடலாம். வெளிநாட்டிலிருந்து ஆட்களை இழுத்துவரும் அஃபர்வட்டின் திறந்த சரிவுகளை எந்தப் பீரங்கியாலும் நிரப்ப முடியாது. இன்னொருவர் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டைக் காட்டி, அங்கே ஆண்டு முழுவதும் சறுக்குகிறார்களே என்கிறார். அங்கே 3,883 மீட்டர் உயரத்துக்கு ரோப்வே போகிறது. போய்ச் சேருமிடத்தில் பனியாறு இருக்கிறது. குல்மார்க் கோண்டோலாவின் மேல் நிலையத்தில் ஆகஸ்டில் இறங்கினால் காலடியில் இருப்பது கல்லும் புல்லும். இங்கே ஆண்டு முழுவதும் சுற்றுலா என்றால், ஒரே மலையில் பருவத்துக்குப் பருவம் வேறு வேலை பார்ப்பது என்றுதான் பொருள் கொள்ள முடியும்.

டிசம்பர் 3

குளிர்காலம் வந்ததும் இழைக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. டிசம்பர் கடைசி வாரத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டதாகவும், பனி உறுதியா என்றும் மூன்று பேர் கேட்கிறார்கள்.

உறுதியில்லை. சில்லை கலான் அப்போதுதான் தொடங்கியிருக்கும். பனியைப் பார்ப்பதே நோக்கம் என்றால் மேலே கொங்டூரியிலாவது பார்க்கும் வாய்ப்பு அதிகம். சறுக்குவது நோக்கம் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதிக்குள் திட்டமிடுங்கள். புதிதாகக் கற்பவர்கள் 1968 முதல் இயங்கிவரும் அரசுப் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளை முதலில் விசாரியுங்கள். கோண்டோலாவைப் பற்றி அதுவரை கவலைப்படத் தேவையில்லை, முதல் சில நாட்கள் ஊருக்குள் இருக்கும் மேட்டிலேயே விழுந்து எழுவீர்கள். கோண்டோலா சீட்டை இணையத்தில் முன்கூட்டியே, அடையாள அட்டை விவரத்தோடு, கேபின் ஏறும் நேரத்தைத் தேர்ந்து எடுத்துவிடுங்கள். வாசலில் "நான் வாங்கித் தருகிறேன்" என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பெரும்பனி விழுந்த நாளில் டங்மார்க்குக்கு மேலே உள்ள 13 கிலோமீட்டரைச் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளில்தான் கடக்க முடியும். அந்த மாற்று வண்டிக்கான செலவையும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வாதத்தை எழுதிய வாசகர், "சரி, வரம்பு வேண்டாம், காலை முதல் ஒரு மணி நேரத்தையாவது சறுக்குபவர்களுக்குக் கொடுங்கள்" என்று இறங்கி வந்திருக்கிறார். இதில் எனக்கு மறுப்பில்லை. குடும்பங்கள் டங்மார்க்கில் பூட்ஸ் வாடகை பேசி முடித்து மேலே வருவதற்கு எப்படியும் பத்து மணி ஆகிவிடுகிறது.